சித்தியின் செவ்வாய்

பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது என்று நம்பியவர்களின் கணக்கு எப்படிச் சரியாக வரும்? பதினொரு வயதில் என்னைத் திகைக்க வைத்த முதல் விஷயம் அது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அதே மாதம் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்தி கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வானியல் வகுப்பு நடக்கும். கோள்களைப் பற்றிப் பழைய கிரேக்கர்கள் நினைத்ததை அங்கே சொல்லித் தந்தார்கள். செவ்வாய் வானத்தில் முன்னே போகும், நிற்கும், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் மாதிரிக் கொஞ்சநாள் பின்னால் போகும், மறுபடி முன்னே வரும். இதற்குக் கிரேக்கர் சொன்ன காரணம்: பூமியைச் சுற்றி ஒரு பெரிய சக்கரம், அதன் விளிம்பில் ஒரு சின்னச் சக்கரம், சின்னதில் ஏறிச் செவ்வாய் சுற்றுகிறது. காரணம் பிழை, ஆனாலும் கோள் எங்கே நிற்கும் என்பதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடும் என்றார் ஆசிரியை.

சீரியல் பெட்டி அட்டையில் அந்தச் சக்கரங்களை வெட்டி, குண்டூசி குத்தி, எந்தத் திகதிக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற அட்டவணையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளிம்பில் பன்னிரண்டு ராசிகளின் பெயரையும் எழுதினேன். நான் பிறந்த நாளுக்குத் திருப்பினால், என் சாதகத்தில் இருந்த அதே ராசியில் செவ்வாய் வந்து நின்றது. அன்றிலிருந்து என் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்த நேரம் சித்திக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு எட்டில் செவ்வாய். அப்படியான பெண்ணுக்குச் செவ்வாய் குற்றம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்பார்கள். தேடித் தேடி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அஜின்கோர்ட்டில் ஒருவர் அகப்பட்டார். பொருத்தம் பார்க்க அம்மா பிறந்த திகதியை எழுதாமல் சாதகக் கட்டங்களை மட்டும் பிரதியெடுத்துக் கொடுத்தார். பொருந்திவிட்டது. அவரும் சித்தியும் மூன்று கிழமை ரெலிபோனில் கதைத்தார்கள். சித்தி குளிக்கும்போது பாடத் தொடங்கியிருந்தார்.

நாள் குறிக்க ஒரு ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளையும் அவருடைய தாயும் அக்காவின் கணவரும் வந்தார்கள். அந்த அக்கா கணவர் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பவர். அதனால் அப்பா அவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே பணிவு காட்டினார். சித்தியின் சாதகத் தாள் மேசையில் கிடந்தது. அதில் செவ்வாய் கும்பத்தில் இருந்தது. நான் ஒரு மூலையில் இருந்து சித்தியின் பிறந்தநாளுக்குச் சக்கரத்தைத் திருப்பினேன். மிதுனத்தில் நின்றது. நாலு ராசி தள்ளி!

“சித்தியின்ர செவ்வாய் எட்டில இல்லை!” என்று கத்தினேன்.

“உதென்ன பிள்ளை?” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

சக்கரத்தை விளக்கத் தொடங்கினேன். அம்மா இரண்டு தரம் “உள்ள போ” என்றார், யார் கேட்டது? மொழிபெயர்ப்பாளர் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“கெட்டிக்காரி. எந்தத் திகதிக்குப் பாத்தனீர்?”

“சித்தியின்ர பேர்த்டேக்கு. நவம்பர் நாலு. கேக் வெட்டினனாங்கள்.”

“அப்ப ரெண்டில ஒண்டு பிழையா இருக்க வேணும். ஒண்டில் திகதி, இல்லாட்டிச் சாதகம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. தேத்தண்ணித் தட்டோடு நின்ற சித்தி மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். பிறகு தட்டை மேசையில் வைத்தார்.

“சாதகம்தான் பிழை. பொருந்த வேணுமெண்டு மாத்தி எழுதினனாங்கள்,” என்றார்.

கடைக்காரர் மறதியாகப் பைக்குள் போட்டுவிட்ட கறிவேப்பிலைக் கட்டைத் திருப்பிக் கொடுக்க மழையில் நடந்துபோன சித்தி, கள்ளச் சாதகம் எழுதுவாரா?

“உதுவும் ஒரு குடும்பமோ?” என்று மாப்பிள்ளையின் தாய் எழும்பினார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் சப்பாத்துக் கட்டும் சாட்டில் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். சித்தி குசினியை விட்டு வெளியே வரவில்லை.

சித்தி குடியுரிமை எடுத்த பிறகுதான் அம்மா எனக்கு உண்மையைச் சொன்னார். சாதகம் அச்சொட்டாகச் சரி, திகதிதான் பிழை. கனடாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்ற் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பிறந்த திகதியையே சித்தி பயத்தில் வழக்கிலும் எழுதிவிட்டார். விசாரணையில் நாக்குப் பிசகக் கூடாது என்பதற்காக வீட்டிலும் அந்த நாளிலேயே கேக் வெட்டிப் பழகினார்கள். திகதி பிழை என்று அந்த மொழிபெயர்ப்பாளர் முன்னால் சொன்னால் வழக்கே போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சித்தி பயந்திருக்கிறார். அதனால் மாப்பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டார். சித்திக்கு அந்த மாப்பிள்ளையை அவ்வளவு பிடித்திருந்ததாம்.

பதினொரு வயதில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் முகத்தை உம்மென்று வைத்திருந்தேன்.

“என்னோட கோவமோ, குஞ்சு?”

“நீங்கள் பொய் சொன்னனீங்கள்.”

சித்தி பின்னலின் நுனியை இறுக்கிக் கட்டினார்.

“ஓம், சொன்னனான்,” என்றார்.

பிழையை ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று, பெரிய மனசு பண்ணி, நான் அவரை மன்னித்தேன்.