பதின்மூன்று நாற்காலிகள்

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி பழுதுபார்க்கப் போயிருந்தேன். பிளஸ் டூ வரலாற்று வகுப்பு. வட்டமாகப் பதின்மூன்று நாற்காலிகள். பிள்ளைகள் நாலே பேர். அந்த வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். ஒல்லியான வாத்தியார், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, நாற்காலிக்கு நாற்காலி மாறி உட்கார்ந்து தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தார்.

“ஜன்னலைத் திறங்க சார், கடக்காத்து வரும்லா” என்றேன்.

“திறக்கக் கூடாது அண்ணாச்சி. அமெரிக்காக்காரன் இங்கிலாந்து ராஜாவ விரட்டிட்டு, இனி எப்படி ஆளணும்னு இப்படித்தான் கோடையில வெளிய கேக்காம ஜன்னலடைச்சுப் பேசுனான். அப்பம் அங்க பதிமூணு மாநிலம். இங்க பிள்ளைக்கு ஒரு மாநிலம். முன்ன ஆள் இருந்தாங்க. இப்பம் மிச்ச மாநிலத்துக்கெல்லாம் நாந்தான் பேசுதேன்.”

ஒரு நாற்காலியில் மட்டும் அவர் உட்காரவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“அந்த மாநிலம் ஆளே அனுப்பல. அதுக்கும் இடம் போட்டு வைக்கணும்லா?”

பிறகு என்னையும் பிடித்து ஒரு சின்ன மாநிலமாக உட்காரவைத்தார். “பெருசுக்கும் சின்னதுக்கும் ஒரே ஓட்டா? சொல்லுங்க.”

“ஆள் கம்மின்னு தள்ளிர முடியுமா சார்?” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார்.

மறுவருடம் அதே அறைக்கு ஏ.சி. மாட்டப் போனேன். கம்ப்யூட்டர் லேப் ஆகிவிட்டது. “நாலு பேருக்கு எதுக்கு ஒரு வரலாறு குரூப்புன்னு எடுத்தாச்சு” என்றார் ஆபீஸ்காரர். வாத்தியார் எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் அடுக்கிக் கிடந்த பழைய நாற்காலிகளை எண்ணினேன். பன்னிரண்டுதான் இருந்தன. வராதவனுக்குப் போட்டதை அவரே எடுத்துப் போயிருப்பாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.