பால் இறங்கிய கால்

என் சித்தி பிரசவத்துக்காக ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சித்திக்குத் தாய் இல்லை. அக்காளான என் அம்மாதான் எல்லாம். அதற்கு முன் இரண்டு கரு ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தன. மாமியார் வீட்டில் அவளைத்தான் குற்றம் சொன்னார்கள், வேறு யாரைச் சொல்வார்கள்! இந்தத் தடவை ஆண் குழந்தை உயிரோடு பிறந்தது. பால் ஊற வேண்டுமென்று அம்மா தினமும் சுறாப்புட்டு செய்து போட்டாள்.

பத்தாம் நாள் சித்தியின் இடது கால் தொடை வரை வீங்கி, வெளுத்துப் பளபளத்தது. குழந்தையோ பால் போதாமல் கத்திக்கொண்டிருந்தது. மருத்துவச்சி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

“பாலு காலுக்கு எறங்கிட்ச்சு. எண்ணெய காய்ச்சி, கீயேர்ந்து மேல தேச்சி வுடு. தன்னால மாருக்கு ஏறும்.”

அம்மா விடிந்ததும் மீன் கூடையோடு போய்விடுவாள். ஆகவே தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கை பட்டாலே சித்தி பல்லைக் கடித்துக்கொள்வாள். கடைசியில் அவளே சொன்னாள்:

“நீ போய் ஆடிக்கினு வாடி, கண்ணு. தேச்சாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

எனக்குக் கசக்குமா? இரண்டு நாள் தெருவில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடினேன்.

மூன்றாம் நாள் காலையில், கிண்ணத்தில் எண்ணெய் குறையாததை அம்மா பார்த்துவிட்டாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“கொயந்த பாலுக்குக் கத்திக்கினு கீது, நீ இன்னாடி பண்ணிக்கினு கீற?”

அவள் கூடையோடு கிளம்பியதும், விட்டுப்போன இரண்டு நாளுக்கும் சேர்த்துத் தேய்த்தேன், கணுக்காலிலிருந்து தொடை வரை, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி. சித்தி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. திடீரென்று எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு வரலடி...”

கடற்கரைக்கு ஓடி அம்மாவை இழுத்து வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் ஏமாற்றிய இரண்டு நாளில்தான் வியாதி முற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, பிரசவமான என் மகளுக்கும் அதே மாதிரி கால் வீங்கியது. ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது, தேய்த்தால் பெயர்ந்துபோய் நெஞ்சை அடைத்துவிடும், யாரும் கை வைக்காதீர்கள் என்றார் டாக்டர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்றும் கேட்டார். என் சித்திக்கு என்றேன்.

மகள் ஊசியில் பிழைத்துக்கொண்டாள். சித்திக்கு நான் செய்த நல்லது என்று ஏதாவது உண்டென்றால், பாண்டி ஆடப் போன அந்த இரண்டு நாள்தான். அதற்காகத்தான் அத்தனை வருஷமும் அழுதிருக்கிறேன்.