கடைசிக்கு முந்தின வண்டி

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார் என்றால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். துப்பாக்கி இல்லையா என்று கேட்பார்கள். அரிசி, தண்ணீர், டீசல், கூடாரம், ஆள், குண்டு எல்லாமே லாரியில் ஏறித்தான் மலைக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிற்று. இப்போதெல்லாம் "ஆமா, லாரிதான்" என்று வெட்டிவிடுவேன். துப்பாக்கியை நினைத்து நான் ஒரு நாளும் பயந்ததில்லை. லாரியை நினைத்துத்தான் பயந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் டிப்பர் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். சிலர் என்ஜினையே அணைத்துவிடுவார்கள். டீசல் மிச்சமாகும், முதலாளி மெச்சுவார். என் கணவர் தன் அப்பாவின் டிப்பரில் கிளீனராக ஏறி அங்கேயே ஓட்டப் பழகியவர். நான் அரியலூர் ரோட்டில் ஒரு எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். எடை போட வரும் டிரைவர்கள் இந்த வித்தையைப் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். கேட்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து போவது வேறு.

கல்யாணமான புதிதில் லீவில் வந்திருந்தார். உடையார்பாளையத்தில் ஒரு விசேஷம். பஸ் எதற்கு என்று அந்த டிப்பரிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு இறக்கத்தில் திடீரென்று சத்தம் நின்றுபோனது. காற்று மட்டும் கேட்கிறது, வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போகிறது. பட்டுப்புடவையோடு டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, "பயந்துட்டியா? எங்கப்பா இருவது வருசமா இப்படித்தான் ஓட்டறாரு" என்றார். விசேஷ வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் யூனிட்டில் பழைய லாரிகளைக் கழித்துவிட்டுப் புதிது கொடுக்க ஆரம்பித்தார்கள். பழைய வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஏலத்துக்கு விட்டார்கள் என்று போனில் சொன்னார். புதிய வண்டியில் ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புமாம். முன்னால் ஒரு திரை, தப்பு செய்தால் கத்துகிற ஒரு பஸ்ஸர், உள்ளே எங்கேயோ ஒரு பெட்டி. எந்த வண்டி எங்கே போகிறது, என்ன வேகம், என்ன கியர் என்பதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்குத் தெரிந்துவிடும். பதினாலு வருட சர்வீஸ்காரர்களையும் பெஞ்சில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். தேறாதவர்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது, ஸ்டோரில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

"வண்டிய நான் ஓட்டறேனா, வண்டி என்னைய ஓட்டுதான்னே தெரியல" என்று புலம்பினார்.

அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த வண்டியில் இறக்கத்தில் கியரோடு போனால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், டீசலும் போகாது. நியூட்ரலில் போட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். அவரேதான் இதைச் சொன்னார். அன்றிலிருந்து போனை எடுத்தால் எனக்கு முதல் பேச்சே அதுதான்.

"ஏங்க, நியூட்ரல் போடலயே?"

"போடல."

"சத்தியமா?"

"அடியே, நீ என்ன எங்க மேஜரா? வையி போன" என்பார். கோபம் வந்தால் எனக்கும் விடத் தெரியாது. உங்கள் உயிர் என்ன உங்கள் ஒருத்தர் சொத்தா என்று திருப்பிக் கேட்பேன். இரண்டு நாள் பேச்சு இருக்காது.

இந்த வருடம் சென்னைப் பக்கத்திலிருந்து தெற்கே ஒரு முகாமுக்குப் புதிய லாரிகளைக் கொண்டுபோகும் வேலை அவர்களுக்கு வந்தது. நான்குவழிச் சாலையில் எங்கள் பெரம்பலூரைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தின நாள் போன் செய்தார். குரலில் சின்னப்பிள்ளைக் குஷி. "நாலு ரோட்டுக்கிட்ட பத்து மணிக்கு மேல வந்து நில்லுங்க. நான் கடைசிக்கு முந்தின வண்டி. நிறுத்த முடியாது, கைய மட்டும் காட்டிட்டுப் போறேன். அம்மாவையும் கூட்டிட்டு வா. சிறுவாச்சூர் தாண்டி ஒரு காலி மைதானத்துல சாப்பாட்டுக்கு நிப்போம், ஆனா அங்கல்லாம் வந்துராதீங்க" என்றார்.

நானும் என் மாமியாரும் ஒன்பது மணிக்கே போய் நின்றுவிட்டோம். மாமியார் நாலு எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். புது வண்டியாயிற்றே, சக்கரத்தில் வைத்து ஏற்ற வேண்டாமா என்றார். ஓடுகிற வண்டிக்கு எப்படி வைப்பீர்கள் அத்தை என்றேன். "எறிஞ்சாலாவது எறியறேன், நீ சும்மா இரு" என்று என் வாயை அடைத்தார்.

பதினொன்றுக்கு மேல் ஆயிற்று. முதலில் ஒரு ஜீப், பின்னாலேயே லாரிகள். பச்சை பெயிண்ட் காயாததுபோல் பளபளவென்று, ஒரே இடைவெளியில், ஒரே வேகத்தில் வந்தன. மாமியார் ஒவ்வொரு வண்டிக்கும் கும்பிடு போட்டார். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்த லாரியை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கையைத் தூக்கிவிட்டேன். ஸ்டீயரிங்கில் வேறு ஆள். மீசை முளைக்காத ஒரு வடநாட்டுப் பையன், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து சீட்டிலும் அவர் இல்லை. அடுத்த லாரியில் பார்த்தேன், அதிலும் இல்லை. அதற்குப் பின்னால், வரிசையின் கடைசியாக, சிவப்புச் சிலுவை போட்ட ராணுவ ஆம்புலன்ஸ் போனது. அதன் ஜன்னலில் திரை போட்டிருந்தது.

"எம்மவன் எதுலடி போனான்?" என்று மாமியார் கேட்டார்.

கான்வாயில் ஆம்புலன்ஸ் எப்போதும் கூடவே வரும், ஆள் இல்லாவிட்டாலும் வரும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தால்தானே. திரைக்குப் பின்னால் படுக்கையில் அவர் கிடப்பதாகவே என் கண் பார்த்தது. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். மறுபடி போட்டேன். அவர் வரும் வழியில் தொழுதூரைத் தாண்டி இருக்கிற இறக்கம் என் கண்முன் வந்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு ஆட்டோவில் ஏற்றினார். "அந்த மிலிட்டிரி வண்டிங்க பின்னாடியே போ தம்பி. காசப் பத்திக் கவலப்படாத."

அந்த வழி முழுக்க நான் என்ன நினைத்தேன் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வராது. பாதகத்தி, கருமாதி வரைக்கும் போய்விட்டேன்.

மைதானத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. வாசலில் நின்ற சிப்பாய் இந்தியில் ஏதோ சொல்லிக் கையைக் குறுக்கே நீட்டினான். மாமியார் அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டார். சத்தம் கேட்டு ஒரு ஹவில்தார் ஓடிவந்தார், மதுரைப் பக்கத்துப் பேச்சு. நான் என் கணவர் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றியதும் நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயையோ, எந்திரிங்கம்மா. அவருக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காரு. வேர்க்குதுன்னுதான் தொப்பியக் கழட்டுனேன்" என்று பதறினார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். தொழுதூர் தாண்டிய இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டிருக்கிறார். பஸ்ஸர் கத்தியிருக்கிறது. அதற்குள் முன்னால் போன லாரியின் முதுகுக்குப் போய், பிரேக்கை மிதித்து, ஒரு கை இடைவெளியில் நிறுத்தியிருக்கிறார். பெட்டி சொல்லி ஆபீசிலிருந்து உடனே போன் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டார்கள்.

கடைசிக்கு முந்தின வண்டியின் பின்பக்கம், தார்ப்பாய் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கினார். மாமியார் அவர் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். நாலு ரோட்டில் எங்களைப் பார்த்தாராம். முகத்தைக் காட்டப் பிடிக்காமல் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிட்டாராம்.

"இனிமே எனக்கு ஸ்டீயரிங் தர மாட்டாங்க. ஸ்டோர்லதான் போடுவாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடியும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"சந்தோஷமா இருக்கா உனக்கு?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "இன்னைக்குத்தாங்க நான் நிம்மதியா தூங்கப் போறேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் போடணும்னு போடலடி. கை தானாப் போயிடுச்சு. முன்னாடி லாரியில இருபது பேரு உக்காந்திருந்தானுங்க. எல்லாரும் என்னையவே பாத்துட்டு வந்தானுங்க."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

விசில் அடித்தார்கள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டிகள் ஒவ்வொன்றாக என்ஜினைப் போட்டன. என் நிம்மதி அதோடு முடிந்தது. இனி அவர் உயிர் இன்னொருத்தன் கையில் அல்லவா இருக்கிறது? ஓடினேன். டிரைவர் பக்கக் கதவைத் தட்டி, அந்த வடநாட்டுப் பையனைப் பார்த்துக் கத்தினேன்.

"தம்பி, நியூட்ரல் போடாத. இறக்கத்துல நியூட்ரல் போட்டுறாதப்பா. நியூட்ரல், நோ."

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டான். பெரிய மனுசன்போல் தலையை ஆட்டினான். வண்டி நகர்ந்து பின்பக்கம் என்னைக் கடந்தபோது நான் கையைத் தூக்கினேன். நான் கத்தியது அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்க்காமல் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கொண்டார்.