இமைமுடி குத்துகிறது

குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனை இடது இமைமேல் ஒற்றி எடுத்து, அதன் முதுகைத் திருப்பி முகம் பார்த்துக்கொள்கிறார் பியோ தல்சு. ஸ்பூனின் முதுகில் யார் பார்த்தாலும் மூக்குதான் பெரிதாகத் தெரியும். இவருக்கு மட்டும் கண் தெரிகிறது. கொரியாவின் தேகு நகரில் வீட்டுத் தரகர், மலையேறும் சங்கத்துக்குத் தலைவர், அறுபதைத் தாண்டியவர். மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சுன்-ரே, அலுவலகத்தில் பூண்டு உரித்தபடி இந்தக் கண்றாவியைத் தினமும் பார்க்கிறாள்.

மகள் ஹெஜின் பள்ளி முடித்ததும், கண் பெரிதாகத் தெரிய அறுவை செய்து இமையில் மடிப்பு வைத்துக்கொள்ளக் கேட்டாள். அன்று இவர் குதித்த குதி தெருவுக்கே தெரியும். "பெத்தவங்க குடுத்த கண்ணு என்ன, துணியா? மடிச்சுத் தைக்கிறதுக்கு?" அதே மனிதர், சங்கத்தின் குழுப் படத்தில் தன் இமைகள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சியோல் போய்த் தைத்துக்கொண்டு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அழகுக்கா? சேச்சே! இமைமுடி உள்ள வளஞ்சு குத்துச்சு. வைத்தியம்ப்பா, வைத்தியம்!" அந்த வயது ஆண்கள் எல்லோருக்கும் முடிதான் குத்துகிறது.

தலையை உயர்த்திப் படு, குளிர் ஒத்தடம் கொடு, கொஞ்ச நாள் குடிக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தையல் பிரித்த அன்றே சங்கத்துக்காரர்களோடு சோஜு சாராயம். வீக்கத்துக்கு நல்லது என்று யாரோ சொன்ன பூசணிச் சாற்றை மட்டும் பயபக்தியோடு குடித்தார். வீக்கம் வடிந்த பிறகுதான் இடது இமை முழுக்க மூடவில்லை என்பது தெரிந்தது. தோலைக் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் போலும். தூக்கலாக வெட்டுங்கள் என்று கேட்டது இவராகத்தான் இருக்கும். தூங்கும்போது கீழே ஒரு கீற்று வெள்ளை விழி தெரிகிறது. விழித்தால் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், ஓயாத நீர்.

"கண்ணு செவந்து கெடக்கு. டாக்டர்கிட்ட போங்க, ஹெஜின் அப்பா."

"வீக்கம்டி. எறங்கிடும்."

"வீக்கம் எப்பவோ எறங்கிடுச்சு. இமைதான் எறங்கமாட்டேங்குது!"

சியோல்காரர்கள் ஃபோனில் பொறுங்கள் என்கிறார்கள். அலுவலகத்துக்கு நேர் மேல்மாடியிலோ மா என்கிற கண் மருத்துவர் இருக்கிறார். சிக்கலே அதுதான். அவரும் சங்கத்து உறுப்பினர். போன வருடம் இவர் கண்ணைச் சோதித்தவர். எந்த முடியும் எங்கும் குத்தவில்லை என்று தெரிந்த ஒரே ஆள். ஒரு பொய்க்காகக் கண்ணையே கொடுக்கத் துணிந்துவிட்டார் மனிதர்.

இன்று அவள் எழுந்து வந்து, பூண்டு வாசம் வீசும் கையால் அவர் வலது கண்ணைப் பொத்தினாள்.

"எதிர் செவுத்துல ஒட்டியிருக்கே, அதைப் படிங்க."

"ரெண்டு ரூம், மூணாவது மாடி, பள்ளிக்கூடம் பக்கம்." கடகடவென்று ஒப்பித்தார்.

"அந்த வீடு வாடகைக்குப் போயாச்சு. வந்ததுமே அந்த நோட்டீசைக் கிழிச்சுட்டேன். இப்ப அங்க தொங்குறது காலண்டர்."

கையிலிருந்த ஸ்பூன் மேசையில் விழுந்தது. சுன்-ரேவுக்கும் பயம்தான். தோளைப் பிடித்து எழுப்பினாள்.

மாடிப்படி முழுக்க அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினார். மருத்துவர் மாவின் கதவருகே வந்ததும் "இரு" என்று நின்றார். இடது இமையைத் தடவி, ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துப் பத்திரமாக மூடிக்கொண்டு, மறு கையால் கதவைத் தட்டினார்.