ஏணியை எடுத்துப் போனவன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. 2007 டிசம்பரில், பனி பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் இது எனக்கு நடந்தது.

எங்கள் மலைமுகட்டில் ஓடும் சீனப் பெருஞ்சுவரில் ஒவ்வொரு காவல் கோபுரமும் ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நானூறு வருஷங்களுக்கு முன்பு காவலுக்கு வந்த சிப்பாய்களின் வாரிசுகள் நாங்கள். எங்களுடையது கெங் கோபுரம். எதிரிக் குதிரைப்படை வளைத்துக்கொண்டபோது எங்கள் முன்னோர் ஒருவர் மட்டும் ஏணியில் இறங்கி ஓடி, ஊரை எச்சரித்துக் காப்பாற்றினாராம். அந்தப் பெருமையில்தான் நான் சுவர்க் காவலன் வேலைக்கே சேர்ந்தேன். கோபுரத்துக்குள் போகும் கெங் எவனும் அவருக்கு ஒரு வாய் சாராயம் ஊற்றாமல் இறங்கக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம்.

என்னோடு வேலை பார்ப்பவன் லூ குடும்பத்து ஷான்லின். முப்பது வருஷச் சிநேகிதன்.

கோபுர வாசல் இரண்டாள் உயரத்தில் இருக்கும். அதனால் வீட்டிலிருந்து மர ஏணி தூக்கிப் போவோம். அன்று சுவரில் விரிசல்களைப் பார்த்து முடித்தபோது மணி 4:10.

"சீக்கிரம் வாடா. தாத்தாவுக்கு ஊத்துறேன்னு நீயே பாதியைக் குடிச்சிடாதே!" சிரித்தபடி ஷான்லின் முதலில் இறங்கினான்.

மூலையில் இடிந்து கிடந்த செங்கல் குவியலில் சாராயத்தை ஊற்றினேன்.

'த்தூ...'

யாரோ காறித் துப்பினார்கள். எனக்கு வெகு அருகில்.

வாசலுக்கு ஓடினேன். ஏணி இல்லை.

"ஷான்லின்! விளையாடாதடா!"

குதித்தால் கால் முறியும். கீழே வெறும் பனிமூட்டமும் பாறையும். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. அந்தக் குளிரில் விடியும்வரை யாரும் உயிரோடு இருக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தே போய்விட்டான். பயத்தைவிட அதுதான் என் நெஞ்சை அறுத்தது.

4:55. இருட்டிவிட்டது.

கரக்... கரக்...

இரும்பால் செங்கல்லைக் கீறும் சத்தம். அந்தக் குவியலுக்குள்ளிருந்து.

6:20. சத்தம் நிற்கவில்லை.

கூடவே மூச்சு வாங்கும் ஓசை. ஒருவர் இல்லை...

மூன்று பேர்.

7:25. கீழே டார்ச் வெளிச்சம். ஷான்லினும் என் மனைவி குய்லானும் ஏணியோடு நின்றார்கள். இறங்கியதும் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

"துரோகி! செத்து ஒழியட்டும்னுதானே விட்டுட்டுப் போனே?"

அவன் முகம் வெளுத்திருந்தது.

"நீதானடா என் பின்னாடியே இறங்கினே. ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊர் வரைக்கும் வந்தே. நான் எவ்வளவோ பேசினேன். நீதான் வாயே திறக்கலே."

"முகத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்... உன் முகந்தான்."

குய்லான் டார்ச்சைத் தாழ்த்தினாள். "ஏணி நம்ம முற்றத்துலதான் சாஞ்சிருந்துச்சு. ஆளைத்தான் காணோம், அதான் தேடி வந்தோம். பனியில காலடி உள்ளே வந்திருக்கு... வெளியே போகலே."

நான் நம்பவில்லை. இரண்டு வருஷம் ஷான்லினின் முகத்தில் விழிக்கவே இல்லை. அவன் பிள்ளையின் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

பிறகு கோபுரத்தைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். மூலையிலிருந்த குவியலை அகற்றினார்கள். அடியில் மூன்று எலும்புக்கூடுகள். ஒன்றின் கையருகே ஒரு செங்கல். அதில் கீறியிருந்த பழைய எழுத்தை அவர்களில் ஒருவர் மெல்லப் படித்தார்.

"ஏணியைக் கெங் எடுத்துப் போனான். ஆள் கூட்டி வருகிறேன் என்றான். வரவில்லை."

கீழே மூன்று பெயர்கள். முதல் பெயர் லூ.

அன்றைக்கே ஷான்லினின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி சேர்ந்துதான் காவலுக்குப் போகிறோம். சிரிக்கிறான், பேசுகிறான். ஆனால் அந்தக் கோபுரத்திலிருந்து என்னை முதலில் இறங்க அவன் விடுவதே இல்லை.