கடலைக்குப் புள்ளி இல்லை

முட்டாள்தனத்தில் எனக்கு நிகர் நானேதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கோபப்படும்போது அதற்குத் தகுந்த மரியாதையை மட்டும் கொடுத்தால் போதும். யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், பேராதனைக்கு அப்பால் ஒரு சோதனைச் சாவடியில், கெலிஓயா பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, பைக்குள் என்ன என்று ஒரு சிப்பாய் கேட்டபோது, "யுத்த டாங்கி" என்று பதில் சொன்ன தமிழன் நான். அதையும் சிங்களத்தில், அவனுக்குத் தெளிவாக விளங்கட்டும் என்று இரண்டு தரம் சொன்னேன்.

எனக்கு முன்னும் பின்னும் நின்ற சனம் விலகிய வேகத்தை அதற்குமுன் கண்டதில்லை. சிப்பாய் பையைக் கவிழ்த்தான். விழுந்தது ஒரு ரோல்-ஒன் போத்தல். படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மாத்திரை அட்டையை வெட்டி ஒட்டி, முன்னால் பேனாக் குழாயைப் பீரங்கியாகச் செருகி, கரும்பச்சை பூசியிருந்தேன். அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். இது கக்கத்துக்குப் பூசுவது என்றான்.

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மூன்று வாரம் முதுகு வலிக்க உட்கார்ந்து வர்ணம் பூசியவன் நான். போத்தல் இல்லை ஐயா, தரையைத் தொடாமல் மிதந்து போகிற டாங்கி, வேறொரு கிரகத்தில் ஓடுவது என்று வாதாடினேன். அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், போத்தலையும் பார்த்தார். தலைக்குச் சரியில்லாத ஆள், விட்டுவிடு என்றார். உயிர் தப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டியவன், கெலிஓயா வரும்வரை அந்தக் கக்கத்தையே நினைத்துக் கொதித்துக்கொண்டு வந்தேன்.

டாங்கியின் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. ஆடிக் கலவரத்துக்கு முந்திய வருடம் கண்டியில் எங்களுக்குப் படிப்பிக்க வந்திருந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார், பாடம் முடிந்தபின் விஞ்ஞானகூடத்து மேசையில் விண்வெளி யுத்தம் நடத்துவார். விரல் நகம் அளவில் ஈயச் சிப்பாய்கள், தாயக்கட்டை, அளவு நாடா, மெல்லிய ஒரு விதிப் புத்தகம். கலவரத்தோடு அவர் நாட்டுக்குப் போய்விட்டார், பெட்டியும் போய்விட்டது. எங்கள் வீடு எரிந்தது. மாதா கோயில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து அம்மா தன் அலுமாரிக்காக அழுதார். நான் பக்கத்தில் இருந்து அந்தப் பெட்டிக்காக அழுதேன். பார்த்தவர்கள், பிள்ளைக்குத்தான் வீட்டின்மேல் எவ்வளவு பாசம் என்றார்கள்.

இருபது வருடத்துக்குமேல் கழித்து, நான் பிழை திருத்துபவனாக இருந்த கண்டி அச்சகத்துக்கு இணையத் தொடர்பு வந்தது. தேடிப் பார்த்தால், உலகம் முழுக்க என் வயதில், வழுக்கையும் தொப்பையுமாக, அந்தப் பழைய விளையாட்டுக்கு உயிர் கொடுத்துக்கொண்டு ஒரு கூட்டமே இருந்தது. பிற்காலத்தில் வந்த பளபளப்பான பதிப்புகளை அவர்கள் தொடமாட்டார்கள். முதற்பதிப்புத்தான் வேதம், அதில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது. நாள் முழுக்க மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து வாழ்கிறவனுக்கு இதைவிட இனிப்பான கொள்கை உண்டா? முதலாளி இல்லாத நேரம் பார்த்து முழுப் புத்தகத்தையும் அச்செடுத்தேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த விஞ்ஞானகூடத்தில் என்னோடு இருந்த இன்னொரு பைத்தியத்திடம் ஓடினேன். அவன் கெலிஓயாவில் பாமசி வைத்திருந்தான்.

பாமசிக்கு மேலே மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை. ஞாயிறு மத்தியானம் கடையைப் பாதி பூட்டிவிட்டு, பெட்டிகள்மேல் ஒரு பழைய கதவைக் கிடத்தினால் அதுதான் கிரகம். ஈயச் சிப்பாய்க்கு எங்கே போவது? ஊசிமருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகள் காலாட்படை ஆயின. தைலச் சிமிழ்கள் கோட்டைகள். வெறும் ரோல்-ஒன் போத்தல்களைப் பாமசிக்காரன் வாடிக்கையாளர்களிடம் கேட்டே வாங்கிச் சேர்த்தான். ஊரில் அவனைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

புத்தகத்தில் எங்களுக்கு மிகப் பிடித்தது முற்றுகையிடப்பட்ட நகரம் என்ற ஆட்டம். அதற்குப் பலகை முழுவதும் பொதுமக்களைப் பரப்ப வேண்டும். தாயக்கட்டை காட்டிய திசையில் அவர்கள் பாட்டுக்கு அலைவார்கள். ரப்பர் மூடி தீர்ந்துபோயிருந்ததால், பஸ் நிலையத்தில் வாங்கி வந்த வறுத்த கடலையைக் கொட்டினேன். பொதுமக்களுக்குப் புள்ளி இல்லை என்று புத்தகம் சொன்னது. குண்டு பட்டதைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. எடுத்ததை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. நான் வாயில் வைத்தேன்.

பாமசிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாருடைய குண்டு பட்டதோ அவருக்குக் கடலை. அவன் பசி வந்தால் படையை விட்டுவிட்டுச் சந்தையைக் குறிவைப்பான். நோன்பு மாதத்தில் தன் பங்கைச் சட்டைப் பையில் சேர்த்து வைத்து, நோன்பு திறக்கும் நேரம் ஓர் ஊர்ச் சனத்தையே ஒரே வாயில் போடுவான். இந்த யோசனைக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று எல்லாரிடமும் பெருமையடித்தேன். அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

மூன்றாவது ஆள் படவரைஞர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிடச் சில வயது மூத்தவர். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் நிலப்படம் வரைவது வேலை. கெலிஓயாவில் அறை எடுத்திருந்தார். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், மேலே நாங்கள் போடும் சத்தத்தைக் கேட்டு ஏறிவந்தார். பீரங்கிக்கு ஒரு பழைய விதி உண்டு: முதலில் அளக்கக்கூடாது, தூரத்தைக் கண்ணால் மதித்துச் சொல்லவேண்டும், பிறகுதான் நாடா. நாங்கள் பத்தா பதினாலா என்று அடிபட்டுக்கொண்டிருக்க, படியில் நின்றபடியே பதினேழு அங்குலம் என்றார். நாடாவைப் போட்டோம். பதினேழேதான். அதன் பிறகு அவரை விடுவோமா? அவருடைய குண்டு தவறி நாங்கள் கண்டதில்லை.

அவருடைய தங்கையும் தங்கையின் பிள்ளைகளும் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தார்கள். முந்திய வருடம் வரை எப்போதாவது ஒரு அழைப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றது. இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் தவறாமல் வருகிறார் என்று ஒருமுறை தானாகவே சொன்னார்.

"அறையில ரேடியோவோட இருக்கேலாமக் கிடக்கு. அதுதான் வாறன்."

இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்தும்தான் அடுத்து வந்ததைச் செய்தேன்.

தை மாதத்தில் அவருடைய குண்டுகள் தவறத் தொடங்கின. முற்றுகையில் அவரும் நானும் ஒரு பக்கம், நகரத்துக்குள் பாமசிக்காரன். பதினேழு இருக்கும் இடத்தில் பன்னிரண்டு என்பார். குண்டு வெறுந்தரையில் விழும். அடுத்தது பலகையைத் தாண்டி மருந்துப் பெட்டிக்குள் போகும். நாலு ஞாயிறு இப்படியே. என் டாங்கிகள், இராணுவத்திடம் கக்கப் பட்டம் வாங்கியும் தலைநிமிர்ந்து நின்ற டாங்கிகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் போகவில்லை. ஒரு நாள் கீழே நிற்கும்போது, எதிர்க் கடைப் பலகை எவ்வளவு நீளம் இருக்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். உடனே சொன்னார். அவர் போனபிறகு நாடாவோடு ரோட்டைக் கடந்து, கடைக்காரர் என்னை வினோதமாகப் பார்க்க, அளந்தேன். இம்மி பிசகில்லை. ஆக, கண்ணில் கோளாறு இல்லை. மனிதர் வேண்டுமென்றே தவறவிடுகிறார்.

வெல்வதற்காகக் கள்ள ஆட்டம் ஆடுகிறவனை எனக்கு விளங்கும், நானும் ஆடியிருக்கிறேன். தோற்பதற்காக ஆடுகிறவனை என்ன செய்வது? அடுத்த ஞாயிறு முதற் குண்டு வெறுந்தரையில் விழுந்ததும் எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். விதி என்றால் என்ன, முதற்பதிப்பு என்றால் என்ன, உலகம் முழுக்க எத்தனை பேர் இதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறார்கள், தெரிந்தே தவறவிடுவது அத்தனை பேரையும் அவமதிப்பது. பாமசிக்காரன் கதவுக்குக் கீழால் என் தொடையில் கிள்ளினான். ஏன் கிள்ளுகிறாய் என்று அவனிடமும் சத்தமாகக் கேட்டேன்.

படவரைஞர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள கடலை நிக்குது," என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிழை திருத்துபவனின் வாய் தானாகத் திறந்தது.

"கடலைக்குத்தான் புள்ளி இல்லையேண்ணே. பட்டா பட்டுட்டுப் போகுது."

பக்கத்துத் தேநீர்க் கடையில் ரேடியோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மீற்றர் மண் அணை பிடிபட்டது, எத்தனை துப்பாக்கி அகப்பட்டது, எத்தனை படகு எரிந்தது என்று எல்லாவற்றுக்கும் ஓர் எண் சொன்னார்கள். அதற்குள் இருந்த சனத்துக்கு எண் சொல்லவில்லை. பாமசிக்காரன் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினான். என் வாயில் அதற்கு முந்திய சுற்றில் கிடைத்த கடலை ஒன்று கிடந்தது. விழுங்கவும் முடியவில்லை, அவர் முன்னால் துப்பவும் முடியவில்லை.

பாமசிக்காரன் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது இவ்வளவுதான்:

"ஒனக்கு வாய் ஈக்கிற அளவுக்குக் கண் இல்ல மச்சான்."

பஸ்ஸில் திரும்பும்போது புத்தகத்தை எடுத்தேன். கோபம் இடம் மாறியிருந்தது. என்ன மனிதர்கள் இதை எழுதினார்கள்? பாலத்துக்குப் பத்துப் புள்ளி, எரிபொருள் தொட்டிக்கு ஆறு, உடைந்த அன்டெனாவுக்குக்கூட அரை. யோசித்து, கூட்டிக் கழித்துப் போட்டிருக்கிறார்கள். சனத்துக்கு வந்தபோது ஒரு வரி, புள்ளி இல்லை. இத்தனை காலம் இத்தனை வழுக்கைத் தலைகள் இந்தப் புத்தகத்தின் எழுத்துக்கு எழுத்து சண்டை பிடித்திருக்கின்றன, ஒருவனும் அந்த வரியைப் பார்த்துக் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? அதே வரியில் ஒரு காற்புள்ளி குறைகிறது என்று சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருந்தவன் நான். காற்புள்ளி தெரிந்தது, வரி தெரியவில்லை.

அச்சகத்திலிருந்து இணையக் கூட்டத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர், அதுதான் அந்தக் காலத்து அழகு என்றார். இன்னொருவர், பிடிக்காவிட்டால் வேறு விளையாட்டு ஆடு என்றார். மூன்றாமவர் பொறுமையாக விளக்கினார்: இந்த விளையாட்டில் பொதுமக்கள் நிலத்தோற்றத்தில் சேர்த்தி, மரம் புதர் மாதிரி, அதைப் படையோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அந்தப் பதிலை வாசித்துவிட்டு மேசையில் நான் அடித்த அடியில் அச்சுக்கோப்பவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

சரி, மாற்றுவோம் என்று முடிவெடுத்தேன். ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று ஊரெல்லாம் கத்தியவன், அந்த வரியைக் குறுக்கே வெட்டி, பொதுமக்கள்மேல் குண்டு போடுபவருக்குப் புள்ளி கழிக்கப்படும் என்று ஓரத்தில் எழுதினேன். எத்தனை என்பதை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன், மூவரும் பேசித் தீர்மானிப்போம் என்று. பெரிய சீர்திருத்தவாதி ஆகிவிட்ட மிதப்பு. கடலைக்குப் பதிலாக ஒரு பொட்டலம் சட்டைப் பொத்தானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு படவரைஞர் வருவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. தங்கையிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று பாமசிக்காரன் கேட்டான். இல்லை என்று தலையை அசைத்தார். பொத்தான்களை நான் பலகையில் பரப்பியதைப் பார்த்து, இதைத் திங்க ஏலாதே மச்சான் என்றான் பாமசிக்காரன், அறையின் இறுக்கத்தை உடைக்க. யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் விளக்கம் சொல்வதுபோலச் சொன்னேன். நானே வெட்டினேன் பாருங்கள், இனிமேல் கண்டபடி சுட்டால் தோல்விதான், எவனும் சும்மா தப்ப முடியாது. இப்ப நியாயமா இருக்கா அண்ணே என்று கேட்டேன்.

அவர் நான் எழுதியதை நிதானமாக வாசித்தார். எண்ணுக்காக நான் விட்டிருந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஒரு ஆளுக்கு எத்தினை போடப்போறீர்?"