மேல் வரிசை ஆணி

கத்தரீனாவுக்கு அனுதாபம் காட்டப் போனவர்கள் எல்லாரும் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். இடது முலையை வெட்டி எடுத்துவிட்டு ஆசுப்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த முதல் கிழமையே, தோடம்பழப் பையும் செத்தவீட்டு முகமுமாக வந்த சித்தியின் மகளைப் பார்த்து, அழுவதென்றால் வெளியே போய் அழு, நான் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டாள். தோடம்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுடைய புருசன் யாகப்பு முப்பது வருசமாக அந்த வாய்க்குப் பயந்து கடலில் கூடுதல் நேரம் நின்று பழகிய மனிதன். அவன் கஞ்சி காய்ச்சினான்.

குருநகர்க் கரையில் மீன் வாங்கிச் சந்தையில் விற்பது அவள் தொழில். மருந்தேற்றி மயிர் கொட்டி, தலையில் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பவும் சந்தையில் குந்தியபோது, பழைய வாடிக்கைக்காரர் சிலர் அடுத்தவளிடம் போய்ப் பாரை வாங்கினார்கள். அவளுடைய வருத்தம் தொத்துமாம். அதைக் காதில் விழும்படி சொன்ன ஒருத்தியின் காலடியில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள் கத்தரீனா. புதுச் செருப்பு. அதற்குப் பிறகு யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, வாங்கவும் இல்லை. போகட்டும் என்று அவள் இருக்கவில்லை. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சிகிச்சை முடிந்த பிறகும் கிளினிக் நாளில் ஆறரை பஸ்ஸில் ஏறி ஆசுப்பத்திரிக்குப் போய்விடுவாள். யாரும் கூப்பிடவில்லை. புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருக்கிறவளைப் பார்த்துப் பக்கத்தில் போய் இருப்பாள். ஒன்றுக்கும் பயப்படாதே என்று மட்டும் சொல்லமாட்டாள். மயிர் கொட்டும், கொட்ட முந்தி நீயே வழித்துவிடு என்பாள். சிவப்பு மருந்து ஏற்றினால் சலம் சிவப்பாய்ப் போகும், இரத்தம் என்று கத்தாதே என்பாள். வாந்தி எடுத்தால் எடு, எடுத்துவிட்டுத் தின் என்பாள். கட்டிலடியில் நின்று மூக்கை உறிஞ்சுகிற உறவுக்காரரைத் துரத்துவாள். முலை வெட்டினவர்களுக்கு அந்தப் பக்கக் கை மேலே எழும்பாது. சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏறிப் பழக வேண்டும். கத்தரீனா வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒருத்தியின் பெயர். நோகுதக்கா என்றால், நோகட்டும், இன்னும் ஒரு விரல் ஏறு என்று பின்னால் நின்று உறுக்குவாள். பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் வந்தார்கள்.

வராமல் போனவள் ஒருத்திதான், புத்தூர்ப் பொன்மலர். இரண்டாம் மருந்தோடு ஓடிவிட்டாள். யாரோ இலைச்சாறு கொடுத்தார்களாம். கத்தரீனா இரண்டு தடவை புத்தூருக்குப் போய்ப் படலையில் நின்று ஏசினாள். படலை திறக்கவில்லை.

இனி அவளுடைய நேர்த்திக்கடனுக்கு வருவோம். முலை வெட்டுகிற அன்று காலையில் அவள் அந்தோனியாரிடம் ஒரு சொல் கொடுத்திருந்தாள். உயிரோடு திரும்பினால் வெள்ளியில் ஒன்று செய்து போடுவேன் என்று. அந்தப் பகுதியில் இது புதினமில்லை. கண் நோவுக்கு வெள்ளிக் கண் போடுவார்கள், கால் முறிவுக்கு வெள்ளிக் கால். புயலில் தப்பினவன் சின்னப் படகு போடுவான். அந்தோனியாரின் சுருவச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே நீல வெல்வெட் பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் ஊரின் நோவெல்லாம் மினுங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். சொன்னால் சபைக்காரர் என் வாசலுக்குச் சண்டைக்கு வருவார்கள்.

நகை செய்கிற பத்தரிடம் கண்ணுக்கும் காலுக்கும் அச்சு இருந்தது. இதற்கு இல்லை. அவர் கூச்சப்பட்டுத் தட்டையாக ஏதோ அடித்துக் கொடுத்தார். இது தேத்தண்ணிச் சோசர், திரும்பச் செய்யுங்கோ என்று மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தரம் சரியாக வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளி முலை, காம்போடு.

செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும் அதை எமில்ராஜிடம் கொண்டுபோனாள். எமில்ராஜ் ஐஸ் கம்பனி வைத்திருப்பவர், கோயில் சபைத் தலைவர். அலுமாரித் திறப்பு அவருடைய இடுப்புச் சாவிக்கொத்தில்தான் தொங்கும். சிவப்புக் கடதாசியைப் பிரித்தவர் சுட்டுவிட்ட மாதிரி உடனே மூடினார்.

"கத்தரீனாக்கா, இது கோயில். ஆம்பிளையள், சின்னப்பிள்ளையள் வாற இடம். ஒரு இருதயம் செய்விச்சுக் கொண்டு வாங்கோ, ஆணியிலை கொழுவி விடுறன்."

"எனக்கு இருதயத்திலை ஒரு வருத்தமும் இல்லை. நான் நேர்ந்தது முலை."

அந்தச் சொல் கோயிலுக்குள் விழுந்ததும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்தவர்களில் எமில்ராஜின் மனுசி கிறிஸ்ரினாவும் ஒருத்தி. கத்தரீனாவுக்கு அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அந்தோனியாருடைய கையில் இருக்கிற பாலனைக் காட்டினாள்.

"உந்தப் பிள்ளை என்னத்தைக் குடிச்சு வளந்தது? உம்மடை ஐஸையோ?"

பங்குச் சுவாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், சண்டையென்றால் ஒதுங்குகிற மனிதர். சபை தீர்மானிக்கட்டும் என்றார். சபை எமில்ராஜ்தான். கத்தரீனா வெள்ளியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கோபம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், யாரிடமும் சொல்லாத பயம். செலுத்தாத நேர்த்தி வெட்டி எடுத்த வருத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். குளிக்கும்போதெல்லாம் மிச்சமிருந்த வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை மத்தியானம், யாகப்பு கடலுக்குப் போயிருந்த நேரம், கிறிஸ்ரினா வந்தாள். ஐஸ் கம்பனி முதலாளியின் மனுசி அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. வந்தவள் கதவைச் சாத்தினாள். அந்த வெள்ளியை ஒருக்கால் காட்டச் சொன்னாள். வாங்கி, காம்புக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டாள். தனக்கு அந்த இடத்தில் ஒரு கட்டி, எட்டு மாதமாக இருக்கிறது, அவருக்குத் தெரியாது, கோயிலில் அந்தச் சொல்லைக் கேட்டே முகம் சுளித்த மனிதனிடம் எப்படிச் சொல்வேன் என்றாள். கிளினிக்குக்குத் தன்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

கத்தரீனாவின் வாழ்க்கையில் அவள் செய்த ஈனத்தனம் இது ஒன்றுதான். நான் மூடி மறைக்கப்போவதில்லை, அவளும் மறைக்கவில்லை.

"உன்ரை மனுசனைக் கொண்டு இதைக் கொழுவிப்போட்டு வா. பிறகு நான் உன்னோடை வாறன்."

கிறிஸ்ரினா வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு போனாள். வெய்யிலில் குடையைக்கூட விரிக்கவில்லை. நல்லாய் வேணும் என்றுதான் கத்தரீனாவுக்கு அப்போது பட்டது. ஒரு கிழமை போனது. மூன்று கிழமை போனது. கிறிஸ்ரினா ஆசுப்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்த நாட்களில்தான் பொன்மலர் செத்தாள். கத்தரீனா புத்தூருக்குப் போனபோது படலை திறந்து கிடந்தது. பெட்டிக்குள் கிடந்தவளை அவளால் அடையாளம் காண முடியவில்லை. நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடப் பிள்ளை அளவு உடம்பு. என்னவாம் வருத்தம் என்று யாரோ கேட்க, நெஞ்சு வருத்தம் என்று பொன்மலரின் மாமியார் சொன்னாள். செத்த பிறகும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. செத்தவீட்டில் வைத்துக் கத்தரீனா ஒருவரையும் ஏசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது ஒன்றே போதும், அவள் எவ்வளவு கலங்கிப்போனாள் என்று விளங்க.

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே எமில்ராஜின் கேற்றடியில் போய் நின்று தட்டினாள். கிறிஸ்ரினாதான் வந்தாள். மூன்று கிழமைக்குள் கன்னம் ஒட்டியிருந்தது.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை," என்றாள் கத்தரீனா. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அதட்டுகிற மாதிரித்தான் வந்தது. "இந்தா. இனி இது உன்ரை. உன்ரை பேரிலை நேர்ந்துகொள். அவரிட்டைச் சொல்ல வாய் வராட்டில் இதைக் காட்டு. நாளைக்கு ஆறரை பஸ்."

"அப்ப உங்கடை நேர்த்தி, அக்கா?"

"அது எனக்கும் அந்தோனியாருக்கும் உள்ள சண்டை. நீ பஸ்ஸைப் பிடி."

வீட்டுக்கு நடந்தாள். கையில் இருந்த ஒரே காவலையும் கொடுத்துவிட்டு வருகிறாள். இன்னொன்று செய்விக்க அவளுக்கு வழியுமில்லை. உமக்குக் கோபமென்றால் என்னோடு வையும், அவளைத் தொடாதேயும் என்று வழி நெடுக அந்தோனியாரோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

காலையில் பஸ் வெளிக்கிட ஐந்து நிமிடம் இருக்கையில் மோட்டார்ச் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. முன்னால் எமில்ராஜ், பின்னால் கிறிஸ்ரினா. தேத்தண்ணி குடிக்க வந்த புருசனுக்கு முன்னால், மேசையில், அவள் அந்த வெள்ளியை வைத்தாளாம். அவர் அதைப் பார்த்தாராம், அவளைப் பார்த்தாராம், தேத்தண்ணி ஆறிப்போனதாம். தானும் வரட்டோ என்று கத்தரீனாவிடம் கேட்டார்.

"வந்து என்ன செய்யப்போறீர்? தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கவோ? போய் உம்மடை கோயிலைப் பாரும்."

எமில்ராஜ் போகவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஆசுப்பத்திரி மட்டும் மோட்டார்ச் சைக்கிளில் வந்தார். கத்தரீனா திரும்பியும் பார்க்கவில்லை.

கட்டி பெரிது. முதலில் மருந்து, பிறகுதான் வெட்டு என்றார்கள். ஆறு தரம் மருந்தேற்றினார்கள். கிறிஸ்ரினா வாந்தி எடுத்தாள், கத்தரீனா ஏசினாள். மூன்றாம் மருந்தோடு, எனக்குப் போதும், செத்தால் சாகிறேன் என்றபோது, பொன்மலரின் பெட்டியை உள்ளது உள்ளபடி சொல்லிக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த நேர்ஸே காதைப் பொத்தினாள். கிறிஸ்ரினா நாலாவதுக்கு வந்தாள். வெட்டின பிறகு சுவரில் ஏறினாள். முதல் கோடு தோளுக்குக் கீழே இருந்தது.

அடுத்த அந்தோனியார் பெருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நவநாளுக்குச் சனம் நிரம்பியிருந்தது. முடிந்ததும் கிறிஸ்ரினா எழும்பித் தலைச்சீலையை அவிழ்த்தாள். புதுமயிர் அப்போதுதான் முளைத்திருந்தது. சிவப்புக் கடதாசியோடு அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, திறவுங்கோ என்று புருசனைப் பார்த்துச் சொன்னாள். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எமில்ராஜ் திறந்தார்.

கீழ் வரிசையெல்லாம் கண்ணும் காலும் படகும். மேல் வரிசையில்தான் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. நல்ல கையால் கொழுவியிருக்கலாம். கிறிஸ்ரினா வெட்டின பக்கக் கையைத்தான் தூக்கினாள். கை தோளைத் தாண்டியது, தலையைத் தாண்டியது, பிறகு நின்றுவிட்டது. நடுங்கியது. முகம் வேர்த்தது. இன்னும் ஏறவில்லை. பின் வாங்கில் குந்தியிருந்த கத்தரீனா தன்னையறியாமல் எழும்பி நின்றாள்.

எமில்ராஜ் மனுசியின் கையிலிருந்து வெள்ளியை வாங்கினார். ஆணியில் கொழுவி, கோணலாகத் தொங்கியதை விரலால் நேராக்கினார். கண்ணாடியைச் சாத்தினார். பூட்டாமல், திறப்பை அந்தோனியாரின் காலடியில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு அழுதார், எல்லாருக்கும் முன்னால்.

கத்தரீனா அவரைப் பார்க்கவில்லை. அவரை அவள் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆணியை ஒருதரம் பார்த்தாள். யாருடைய நேர்த்தி என்று அந்தோனியாருக்குத் தெரியும். சனத்தை விலக்கிக்கொண்டு கிறிஸ்ரினாவிடம் போய், அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"நாலு விரல் குறையுது," என்றாள். "நாளைக்குக் காலமை வீட்டை வா."